மறுபடி வரும்

கனால் தண்ணீரைத் திருடியவர்கள் மேல்மடைக்காரர்கள். என் அப்பாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மதகு ஷட்டரைத் தூக்கிக் கல்லை முட்டுக்கொடுத்து, தங்கள் வயல் நிரம்பிய பிறகும் இறக்காமல், மிச்சத்தை ஓடையில் விட்டார்கள். கடைமடையில் ஒரு ஏக்கர் வைத்திருந்தவள் அப்பாவின் கூடப்பிறந்த தங்கை, என் அத்தை. மாமா இறந்த பிறகு அவளுக்கு அதுதான் சோறு. அந்த வருடம் கதிர் வாங்கும் நேரத்தில் அவள் வயல் பிளந்து கிடந்தது.

அண்ணனிடம் கேட்டாள். "பார்க்கலாம்" என்றார். பார்க்கவில்லை.

கிறிஸ்துமஸ் லீவில் அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு, எங்கள் மலையாளச் சீமையில் இருக்கும் சித்தூருக்கு பஸ் ஏறினாள். நான் மலையாளப் பள்ளியில் ஐந்தாவது படித்தேன். பேச்சுக்குத் துணை என்றாள். கனால் ஆபீஸ் கிளார்க் மனுவை வாங்கிக் காகிதக் கட்டுக்கு அடியில் செருகினார். "மறுபடி வரும். போய்க்கோ."

மறுநாள் காலை அத்தை அவர் மேஜை முன்னால் நின்றாள். "மறுபடி வரச் சொன்னீங்கள்ல, வந்துட்டனுங்க."

எனக்கு மானம் போயிற்று. "அத்தை, மலையாளத்துல மறுபடின்னா பதிலு. லெட்டர் வரும்கறாரு."

"கம்முனு இரு கண்ணு."

மூன்றாம் நாளும் போனோம். நான்காம் நாளும் போனோம். ஐந்தாம் நாள் கடைமடைப் பெண்கள் பதினோரு பேர் வந்தார்கள், ஆளுக்கொரு மனு, ஆளுக்கொரு தூக்குச்சட்டி. கிளார்க் ஒவ்வொருத்தியிடமும் மறுபடி வரும் என்றார். மறுநாள் ஒருத்தி விடாமல் வந்து வராந்தாவை நிறைத்தார்கள்.

"ஞான் சொன்னது ரிப்ளை! ரிப்ளை!" என்று கத்தினார்.

"அதேதானுங்க சார். மறுபடி மறுபடி வர்றமுங்க" என்றாள் அத்தை. வராந்தா சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

அவள் அதே மலையாளப் பள்ளியில் ஏழாவது வரை படித்தவள். பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. பதிலுக்கு வீட்டில் காத்திருந்தால் பயிர் செத்திருக்கும். புரிந்தது என்று காட்டியிருந்தால் வாசலிலேயே விரட்டியிருப்பார்கள்.

எட்டாம் நாள் என்ஜினீயர் ஜீப்பில் கனால் கரைக்கு வந்தார். மேல்மடை ஷட்டர்களை இறக்கிப் பூட்டுப் போட வைத்தார். மறுநாள் காலையில் தண்ணீர் குப்பையும் நுரையுமாகக் கடைமடைக்கு வந்து சேர்ந்தது. அத்தை வரப்பில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

நான் வீட்டுக்கு ஓடினேன். வராந்தாவில் மேல்மடைக்காரன் என்று பெண்கள் திட்டியதைக் கேட்டிருக்கிறேன். அது யாரோ என்று இருந்தேன். அப்பா சோற்றில் கை வைத்திருந்தார்.

"அப்பா, நானும் அத்தையும் ஜெயிச்சுட்டமுங்க!"

அவர் பாதியில் எழுந்து கை கழுவப் போனார். அம்மா என்னை உட்கார வைத்துச் சோறு போட்டு, மேலே இன்னொரு கரண்டியும் வைத்தாள். அப்பாவுக்கு வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அதையும் சாப்பிட்டேன்.