கரண்டு எடுத்த தண்ணீர்

வட்டவளை ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றபோதுதான் செய்தி வந்தது. "சவரிமுத்து மாமா தவறிட்டாங்க வாத்தியாரய்யா. நேத்தே அடக்கம் பண்ணிட்டோம்" என்றார் அவருடைய மருமகன். ரயில் வந்தது; ஏறவில்லை. உட்காரவும் முடியவில்லை. பிளாட்பாரத்தில் மேலும் கீழுமாக நடந்தேன். உங்களுக்கு அவர் நம் தோட்டத்து டர்பைனைப் பார்த்துக்கொண்டவர். எனக்கோ, நான் கெடுத்த ஒரு காரியத்தின் சொந்தக்காரர்.

மலைமேல் சின்னக் குளம். அங்கிருந்து குழாயில் இறங்கும் தண்ணீர் டர்பைனைச் சுழற்ற, தேயிலை அரைக்கும் ஸ்டோர் ஓடும். மாசியில் குளம் வற்றினால் எண்ணெய் எஞ்சின்தான். அது அவருக்கு ஆகவே ஆகாது. "மழையில வழியிறத சும்மா விட்டுட்டு, வெயில்ல எண்ணெ வாங்குறோம். புத்தியிருக்கா நமக்கு?" என்று கணக்கப்பிள்ளையிடமே கேட்டவர். கரையை இரண்டடி உயர்த்தினால் தண்ணீர் மிஞ்சும். அந்த மிச்சத்தில் நாம் குடியிருக்கும் லயங்களுக்கு லைட் போடலாம். சொல்லிச் சொல்லியே தோட்டத்துத் துரையைச் சம்மதிக்க வைத்தார்.

அந்த வாரம் பார்த்துக் கீழ் லயத்துப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. டர்பைனைவிட்டு வெளியேறும் தண்ணீரைத்தான் அங்கே குடித்தார்கள். "கரண்டு எடுத்த தண்ணியில என்ன சத்து இருக்கும்? தேத்தூள் சக்கை மாதிரிதானே?" என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். கரையை உயர்த்தினால் இன்னும் கரண்டு எடுப்பார்கள், தண்ணீர் இன்னும் கெடும் என்று பேச்சு. கரையை உயர்த்த வேண்டாமென்று மனு எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தார்கள். போய்ப் பார்க்காமலே இங்கிலீஷில் விளாசித் தள்ளினேன். அந்த இங்கிலீஷில் எனக்குப் பெருமை வேறு. துரை படித்துவிட்டு, வேண்டாமென்றால் வேண்டாம் என்று வேலையைக் கைவிட்டார்.

மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில், சவரிமுத்து டர்பைன் தண்ணீரை ஒரு செம்பில் கொண்டுவந்து எல்லோர் முன்னும் குடித்தார். "சத்தெல்லாம் போகலங்க. சக்கரத்தத் தட்டிட்டு அப்படியே வருது. கெடுறது கீழ, மாட்டுப்பட்டிகிட்ட. வந்து பாருங்க" என்றார். சிரித்தார்கள். நான் அன்றுதான் போனேன். பட்டியின் சாணி வாய்க்காலில் கரைந்துகொண்டிருந்தது. பட்டியை மாற்றியதும் வயிற்றுப்போக்கு நின்றது. துரையின் மனம் மட்டும் மாறவில்லை.

மன்னிப்புக் கேட்கப் போனேன். "விடுங்கய்யா. அந்தப் பேப்பர்ல எம் பொண்டாட்டி கைநாட்டும் இருக்காமே" என்றார். அடுப்படியிலிருந்து மரியாயி அக்கா, "புள்ளைக்கு வயிறு போனா நான் லைட்டயா பாப்பேன்?" என்று ஒரு போடு போட்டார். சவரிமுத்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்று பக்கத்துப் பள்ளத்தாக்கில் பெரிய அணையே கட்டுகிறார்கள். கம்பிகள் நம் கூரைகளைத் தாண்டிக் கொழும்புக்குப் போகின்றன. லயத்தில் இன்னும் மண்ணெண்ணெய்க் குப்பி லாம்புதான்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு பழக்கம். யார் மனு கேட்டாலும், "இருங்க, போய்ப் பாத்துட்டு வர்றேன்" என்கிறேன். நல்ல பழக்கம்தான். ஆனால் குப்பி லாம்பைத் தூக்கிப் பிடித்துத்தான் அவர் முகத்தைக் கடைசியாகப் பார்த்தார்களாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.