கூஜாவைக் கவிழ்த்துப் பார்த்தவர்

கண்ணாடிக்காரர் வீட்டு முன்னறையில் காலை நீட்டி உட்கார இடம் கிடையாது. மூன்று சுவரிலும் பலகை அடித்துப் பழைய பீங்கான் கூஜாக்களை நிறுத்தி வைத்திருந்தார். வயிறு பருத்தவை, கழுத்து நீண்டவை, வாத்து அலகு மாதிரி வாயை நீட்டிக்கொண்டிருப்பவை, கைப்பிடி ஒடிந்து ஒட்டப்பட்டவை. அவற்றில் ஒன்றிலும் தண்ணீர் ஊற்ற விடமாட்டார். இத்தனை கூஜா இருக்கிற வீட்டில், தாகம் என்று வருகிறவர்களுக்குப் பிளாஸ்டிக் பாட்டில்தான்.

கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கண் சோதித்து லென்ஸ் அரைப்பதும், கோணலான பிரேமைச் சூடு காட்டி நிமிர்த்துவதும் தொழில். கூஜா சேர்ப்பது பைத்தியம். அந்தப் பைத்தியத்துக்கு ஒரு குணம் உண்டு. பழைய கூஜாவை எங்கே கண்டாலும் கை தானாகப் போய் அதைக் கவிழ்த்துவிடும். செய்த பட்டறையின் முத்திரை அடியில்தான் இருக்கும். முத்திரையைப் பார்க்காத கூஜா அவருக்கு முகம் பார்க்காத மனுஷன் மாதிரி.

உறவில் எல்லோரும் இதைக் கேலி செய்தார்கள். கேலியும் செய்து, உதவியும் செய்தவர் அக்காவின் கணவர் ஒருவர்தான்.

"அடுத்தவனுக்குக் கூஜா தூக்குறவன் நம்ம சொந்தத்துல நெறைய பேர் இருக்கான். தனக்காகவே கூஜா தூக்குறவன் என் மாப்பிள்ளை மட்டும்தான்" என்று சொல்லிவிட்டு, தான் சொன்னதற்குத் தானே தொடை தட்டிச் சிரிப்பார் அத்தான்.

அவர் தொலைதூரப் பேருந்து ஓட்டுநர். போகிற ஊர்களில் வண்டி நிற்கும் நேரத்தில் பழைய சாமான் கடைகளை எட்டிப் பார்ப்பார். எதையாவது வாங்கி, சீருடைச் சட்டையில் சுற்றி, இருக்கைக்குப் பின்னால் செருகிக் கொண்டுவருவார். "இதுல விரிசல் இருக்கு மாப்பிள்ளை. உனக்குத்தான் விரிசல்னா உசுராச்சே, அதான் எடுத்தேன்" என்று கடை வாசலில் நின்றபடியே கொடுத்துவிட்டுப் போவார். முன்னறையில் இருந்தவற்றில் பாதிக்கு மேல் அப்படி வந்தவை.

ஒன்றே ஒன்றை மட்டும் அத்தான் கொடுக்கவில்லை. பாசிப்பச்சை நிறம், மெருகுக்குள்ளே மீன் செதில் போல மெல்லிய கோடுகள். அதைத் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து, எப்போதும் தண்ணீர் நிரப்பியே வைத்திருந்தார். கண்ணாடிக்காரர் போகும்போதெல்லாம் அதையே சுற்றிச் சுற்றி வருவார். நிறைந்த கூஜாவை எப்படிக் கவிழ்ப்பது? அத்தானுக்கு அது தெரியும். "இது எங்க வீட்டுது. நீ தண்ணி குடிச்சுக்கலாம், கண்ணு வைக்கக் கூடாது" என்பார்.

ஒரு நாள் பணிமனையில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிய அத்தான், கடைசிப் படியில் உட்கார்ந்தார். அப்படியே சாய்ந்துவிட்டார்.

கண்ணாடிக்காரர் கடையைப் போட்டது போட்டபடி ஓடினார். ஆஸ்பத்திரி, வண்டி, சொந்தக்காரர்களுக்குப் போன், எல்லாவற்றையும் அவரே முன்னின்று செய்தார். அழுதார். அந்த அழுகையில் பொய் எதுவும் இல்லை. இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பிறகு அவரே அதை நம்பவில்லை.

மயானத்தில் எல்லாம் முடிந்து அக்கா வீட்டுக்குத் திரும்பிய பிற்பகல். கூடத்தில் இரவல் நாற்காலிகள். அக்கா சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் நாத்தனார், எதிரே பணிமனை ஆட்கள்.

"அவளுக்குக் கொஞ்சம் தண்ணி கொடுங்க. காலையிலேர்ந்து வாயே நனைக்கல" என்றாள் நாத்தனார்.

கண்ணாடிக்காரர்தான் எழுந்தார். மேசைக்குப் போய்ப் பச்சைக் கூஜாவை எடுத்தார். வந்தவர்கள் எல்லாம் ஊற்றிக் குடித்ததில் அது லேசாக இருந்தது. காலி என்றே நினைத்தார். அக்காவின் வீட்டில் அது காலியாக இருந்து அவர் பார்த்ததே இல்லை. அவ்வளவுதான், கை கவிழ்த்துவிட்டது.

அடியில் முத்திரை இருந்தது. சின்ன வட்டத்துக்குள் ஒரு நங்கூரம். வெகுகாலமாகத் தேடிக்கொண்டிருந்த பட்டறை.

மிச்சமிருந்த தண்ணீர் மேசையில் கொட்டி, விளிம்பு வழியாக ஓடி, கீழே வைத்திருந்த அத்தானின் செருப்பில் விழுந்தது. அந்தச் சத்தத்தில்தான் அவர் தலை நிமிர்ந்தார். கூடம் முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. தன் முகம் சிரித்துக்கொண்டிருப்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. வாய் திறந்து, கண் விரிந்து, பரிசு விழுந்தவனின் சிரிப்பு. மூடுவதற்குள் அக்கா பார்த்துவிட்டாள்.

அக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நல்லா இருக்குப்பா. மனுஷன் போன சூடு ஆறல, அதுக்குள்ள அடி பாக்குறாரு" என்றாள் நாத்தனார். பணிமனை ஆள் ஒருவர் தரையைப் பார்த்துச் செருமினார். கண்ணாடிக்காரரின் மனைவி எழுந்து வந்து, அவர் கையிலிருந்த கூஜாவை வாங்கி வைத்துவிட்டு, தன் முந்தானையாலேயே மேசையைத் துடைத்தாள். அவர் துடைக்கக்கூட இல்லை, மரம் மாதிரி நின்றார்.

திரும்பி வரும்போது பேருந்தில் மனைவி ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"காலின்னு நெனச்சேன்" என்றார்.

"தண்ணி கொட்டினதுக்கா இப்ப நான் பேசாம இருக்கேன்?" என்றாள் அவள்.

அதன் பிறகு அவர் அக்கா வீட்டுப் படி ஏறவில்லை. கடையில் ஆள் இல்லை என்றார், லென்ஸ் வரவேண்டியிருக்கிறது என்றார், முதுகு பிடித்துக்கொண்டது என்றார். மனைவிதான் வாரா வாரம் போய் வந்தாள். அக்காவின் மகள் தூரத்து ஊருக்குத் திரும்பிப் போய்விட்டாள். குழாய் ஒழுகுகிறது, பின்கதவு தாழ்ப்பாள் விழவில்லை என்றெல்லாம் மனைவி வந்து சொல்வாள். அவர் ஆள் அனுப்புவார், தான் போகமாட்டார். எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? இருக்கிற முகத்தைத்தான் அக்கா பார்த்துவிட்டாளே.

முன்னறைப் பக்கமும் போவதைக் குறைத்துக்கொண்டார். அங்கே நின்றால், ஒவ்வொன்றையும் அத்தான் சட்டையைப் பிரித்துக் கொடுத்த விதம் நினைவுக்கு வந்தது. அந்த மனிதர் கொண்டுவந்து தந்த சாமானைப் பார்த்தோமே தவிர, அவர் எப்போதாவது களைத்திருந்தாரா, மூச்சு வாங்கினாரா என்று ஒரு நாளாவது பார்த்தோமா? ஊர்க் கண்ணையெல்லாம் சோதிக்கிறவருக்கு அது கண்ணில் படவில்லை.

ஒரு நாள் மனைவி கடைக்கே வந்தாள். வாடிக்கையாளர் போகும்வரை காத்திருந்து சொன்னாள்.

"உங்க அக்கா படியில விழுந்துட்டாங்க. கை எலும்பு விரிசல் விட்டிருக்கு."

"எப்படி?"

"கண்ணாடி ஒடைஞ்சு ரொம்ப நாளாச்சாம். வேற கடைக்குப் போகச் சொன்னா, தம்பி கடை வச்சிருக்கறப்ப நான் ஏன் அடுத்தவன் கடை ஏறணும்னாங்களாம். உங்க அத்தானோட கண்ணாடியப் போட்டுக்கிட்டு நடந்திருக்காங்க. அது பவரே வேற இல்ல?"

அவர் சோதனை லென்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், வலது கையில் மாவுக்கட்டு. அவரைப் பார்த்ததும் "வந்துட்டியா" என்றாள். கோபமாகவும் சொல்லவில்லை, சந்தோஷமாகவும் சொல்லவில்லை. அவர் சோதனைப் பிரேமை அவள் மூக்கில் மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டார்.

"இது தெளிவா, இதுவா?"

"முன்னது."

வெகுநேரம் இப்படியே போனது. அவள் நாக்கு வறண்டிருக்க வேண்டும். மேசையைக் காட்டி, "அந்தக் கூஜாவ எடு" என்றாள்.

இதற்காகவே அவர் பல நாள் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைப் போல வார்த்தை வந்து விழுந்தது. "வேண்டாங்கா. எனக்கு அதுக்குத் தகுதி கெடையாது. அத்தான் உனக்காக வச்சது. நீ கொடுத்தாலும் நான் தொடமாட்டேன்."

அக்கா சோதனைப் பிரேமுக்குள்ளிருந்து அவரை உற்றுப் பார்த்தாள்.

"தண்ணி ஊத்துடான்னேன். எனக்குக் கை ஒடைஞ்சிருக்கு."

காது மடல் வரை அவருக்குச் சூடு ஏறியது. எழுந்து போய், இரண்டு கையாலும் பிடித்து, டம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்தார். அவள் இடது கையால் வாங்கிக் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அன்னைக்கு அதக் கவுத்துப் பார்த்தியே, அது எனக்கு வலிச்சுதுதான். இல்லேங்கல. ஆனா நீ அப்படிப்பட்டவன்னு தெரியாமயா இத்தனை வருஷம் இருந்தேன்? உங்க அத்தான் இருந்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாரு. அதுக்கப்புறம் நீ வரவே இல்ல பாரு. அதத்தான் என்னால முழுங்க முடியல."

"வெக்கமா இருந்துச்சுக்கா."

"உனக்கு வெக்கம். எனக்குப் புருஷன் செத்துட்டாரு."

அவர் மீதிச் சோதனையை முடித்துவிட்டு, பின்கதவுத் தாழ்ப்பாளைப் போய்ப் பார்த்தார். அனுப்பிய ஆள் தலைகீழாக மாட்டிவிட்டுப் போயிருந்தான்.

புதுக் கண்ணாடியைத் தானே கொண்டுபோய் மாட்டிவிட்டார். அதிலிருந்து வாரத்தில் ஒரு மாலை அங்கேதான். சில நாள் அக்கா பேசுவாள், சில நாள் டிவியைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். மன்னித்துவிட்டாளா என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் "அதுவும் உனக்காகத்தான் கேக்குற" என்று அவள் சொல்லிவிடுவாள் என்ற பயம்.

கூஜா சேர்ப்பதை அவர் விட்டுவிட்டார் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். விடவில்லை. குறைத்துக்கொண்டார், அவ்வளவுதான். வாங்கினால் மனைவிக்குத் தெரியாமல் துணிப்பையில் கொண்டுவருவார், அவளுக்குத் தெரியும். உறவில் எந்த வீட்டுக்குப் போனாலும், அவர் உள்ளே நுழைந்தவுடன் யாராவது ஒருவர் தண்ணீர்ப் பாத்திரத்தைப் பார்த்துவிட்டு அடுத்தவரைப் பார்ப்பார். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு உட்காருவார்.

இப்போதும் கடையில் வேலையாக இருக்கும்போது சில சமயம், காரணம் ஒன்றும் இல்லாமலே, அந்தப் பிற்பகல் வந்து மோதும். தண்ணீர் சொட்டுகிற சத்தமும் தன் சிரித்த முகமும். தொண்டையிலிருந்து முனகல் மாதிரி ஒன்று அவரை அறியாமல் வெளியே வரும். கண் சோதிக்க நாற்காலியில் இருப்பவர் திடுக்கிட்டு, "என்ன சார், என் கண்ணு ரொம்ப மோசமா?" என்று கேட்பார்.

"உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு. நேரா பாருங்க" என்பார் கண்ணாடிக்காரர்.