சேற்றுக்கடியில் ஓர் இலக்கம்

மூக்கம்மாளுக்கு எண்கள் நினைவில் நிற்காது. எது எதனால் வகுபடும் என்பது மட்டும் மறக்காது. மட்டாஞ்சேரியில் தெரு கூட்டுகிறவள், எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆட்டோ நம்பரோ கேஸ் புத்தக நம்பரோ கண்ணில் பட்டால் போதும், இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்று கூட்டுவாள். இரண்டு கூட்டுத்தொகையும் சமமாக இருந்தாலோ, பதினொன்று வித்தியாசப்பட்டாலோ, அந்த எண் பதினொன்றால் மீதியில்லாமல் வகுபடுமாம். திருப்பி எழுதினாலும் வகுபடுமாம். பக்கத்து வீட்டில் பதினைந்து வருஷமாக இதைக் கேட்டுக் காது புளித்தவள் நான்.

அவள் புருஷன் சஜி கான்ட்ராக்டரிடம் சாக்கடை அள்ளும் வேலைக்குப் போகிறான். ஒன்பது இலக்க எண்ணோடு அடையாள அட்டை வந்த அன்று எங்கள் லைன் வீடுகள் முழுக்கச் சொல்லித் திரிந்தாள்: "எங்க ஆளோட நம்பர் பதினொண்ணுல போவும். முன்னாலேர்ந்தும் போவும், பின்னாலேர்ந்தும் போவும்." அந்த அட்டையைத் தவிர வேறென்ன கொடுத்தான் அந்தக் கான்ட்ராக்டர்? ஒரு கையுறை கூடக் கொடுக்கவில்லை, பாவி.

போன வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் போனுக்கு சூப்பர்வைசரின் குரல் பதிவு வந்தது. சஜி சாக்கடைக் குழிக்குள் விழுந்து செத்துப்போனான், எர்ணாகுளம் ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும். கூடவே அட்டையின் படம். 'சஜி' என்ற பெயர் தெளிவாக இருந்தது. முகத்தின் மேலும் கடைசி இலக்கத்தின் மேலும் சேறு. திருப்பிக் கூப்பிட்டால் சூப்பர்வைசர் எடுக்கவில்லை. சஜியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. வேலை நேரத்தில் எல்லார் போனும் வண்டியில்தான் கிடக்கும்.

மூன்றாம் வீட்டு மஞ்சுஷாதான் ஓடி வந்து அவளைத் தாங்கிப் பிடித்தாள். மஞ்சுஷாவின் புருஷன் பெயரும் சஜி, அதே கூட்டத்தில்தான் வேலை. ஆனால் செய்தி வந்தது மூக்கம்மாளுக்குத்தானே. எங்கள் யாருக்கும் வேறு நினைப்பு வரவில்லை.

மூக்கம்மாள் அழவில்லை. படத்தைப் பெரிதாக்கினாள். 47352832, அதற்குப் பிறகு சேறு.

"நாலு, மூணு, ரெண்டு, மூணு... பன்னெண்டு. ஏழு, அஞ்சு, எட்டு, ரெண்டு... இருபத்திரெண்டு." விரல் விட்டு மறுபடியும் கூட்டினாள். "பத்து வேணும். ஒத்தை எடத்துல பத்து எப்படி வரும்?"

"என்ன சேச்சி சொல்றீங்க?" என்றாள் மஞ்சுஷா.

"பூஜ்யம் போடு, ஒம்பது போடு, எதப் போட்டாலும் பதினொண்ணுல போவாதுடி. இது எங்க ஆளு இல்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தே விட்டாள். எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது. மஞ்சுஷாவின் கை இன்னும் அவள் தோள் மேல்தான் இருந்தது.

"அப்போ இது யாரோட நம்பர் சேச்சி?"

மூக்கம்மாளின் சிரிப்பு நின்றது. "தப்பாக் கூட்டிட்டேன்டி மஞ்சு. எனக்கு என்ன கணக்குத் தெரியும்? தப்பாத்தான் கூட்டியிருப்பேன்."

மஞ்சுஷா அவள் தோளிலிருந்து கையை எடுத்தாள். போனை அவள் கையிலிருந்து வாங்கி, அந்தப் படத்திலிருந்த சேற்றை நைட்டி நுனியால் துடைக்க ஆரம்பித்தாள்.