பயந்தவன் வாய் திறக்கக் கூடாது என்ற விதி

1. இன்று அடையாறில் என் விளையாட்டின் ரசிகர்கள் இருவரைச் சந்தித்தேன்.
2. அதன் முக்கியமான விதியையே அவர்கள் கைவிட்டிருக்கிறார்கள்.
3. விதி சரி. அவர்கள்தான் தவறு.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு ஒன்றை நான் உருவாக்கியது உங்களுக்குத் தெரியும். அதில் ஒரு பாத்திரம் பயந்துவிட்டால் அந்தச் சுற்று முழுக்க வாய் திறக்கக் கூடாது. இரண்டாம் பதிப்பு நாளை அச்சுக்குப் போகிறது.

காபிக் கடையில் நிவேதா எடுத்த எடுப்பிலேயே சொன்னாள்: "அங்கிள், அந்த ரூல நாங்க தூக்கிட்டோம். செம போர்."

"பயந்தவன் எப்படிம்மா பேசுவான்? தொண்டை அடைச்சுக்குமே."

அவள் நண்பன் கார்த்தி சிரித்தான். "பேய் வந்தா சும்மா ஒக்காந்துகினு போனை நோண்டணும். அதுக்கு வூட்லயே இருக்கலாமே சார்."

எனக்கு எரிச்சல். நான் எழுதிய விதியை எனக்கே விளக்குகிறார்கள். பயத்தின் இயல்பு என்ன, விதி ஏன் அப்படி அமைந்தது என்று வரிசையாக எடுத்துச் சொன்னேன். காபி ஆறியதுதான் மிச்சம்.

"அங்கிள், டம்ளர் ஏன் இப்படி ஆடுது?" என்றாள் நிவேதா.

"புது ஆளுங்ககிட்ட பேசணும்னா எனக்குப் பயம்மா. சின்ன வயசுலேர்ந்தே."

"இன்னா சார், பயந்துகினே அரை மணி நேரமா எங்கள பேச விடல நீங்க" என்றான் கார்த்தி.

மூன்றாவது குறிப்பு தவறு.

விதியை நீக்கச் சொல்லி அச்சக உரிமையாளருக்கு இப்போதே போன் செய்ய வேண்டும். அவர் குரலை நினைத்தாலே நடுக்கமாக இருக்கிறது. என்ன பேசுவது என்று யாராவது எழுதிக் கொடுங்களேன்.