தங்கச்சி மனையைத் தொட்டுப் பார்த்தேன்

தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் தொடுதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. ஐ.டி.ஐ. வரைக்கும்தான் படிப்பு. கண்ணாடியைத் துடைப்பது, ஒயர் போனால் மாற்றுவது, திரை அப்படியே நின்றுவிட்டால் அணைத்துப் போடுவது. காலையில் முருகனை நினைத்துக்கொண்டு கியாஸ்க் என்கிற அந்தத் திரைப் பெட்டிகளை ஒவ்வொன்றாக ஆன் செய்வேன்.

அதில் ஒன்று பழைய ஏரிகளைக் காட்டுவது. பெருங்களத்தூர், சேலையூர், பம்மல் என்று நம் பக்கத்து வரைபடம் முழுக்க அதில் இருக்கும். ஓர் இடத்தில் விரல் வைத்தால், அந்தக் காலத்தில் அங்கே ஏரி இருந்திருந்தால் நீலம் அலையலையாக விரியும். இல்லாவிட்டால் மண் நிறம் வரும். வருகிறவர்கள் யாரும் ஏரியைத் தேடிப் பார்த்ததில்லை. முதலில் தங்கள் வீட்டைத்தான் தேடுவார்கள். நீலம் வந்துவிட்டால் சிரிப்பார்கள், ஆனால் முகம் கொஞ்சம் மாறிவிடும்.

என் தங்கையும் மாப்பிள்ளையும் பம்மலில் வாடகைக்கு இருக்கிறார்கள். ஆவணியில் அவர்களுக்குப் பெருங்களத்தூரைத் தாண்டி உள்ளே ஒரு மனை படிந்து வந்தது. தங்கைக்கு மட்டும் ஒரே தயக்கம். அதனால் எங்கள் தெரு அம்மன் கோயிலில் பூப் போட்டுப் பார்த்தோம். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை இன்னொரு பொட்டலத்திலும் மடித்தோம். வெள்ளை வந்தால் வாங்கலாம் என்று வேண்டிக்கொண்டு அம்மன் காலடியில் வைத்து, பிராகாரத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு குழந்தையை எடுக்கச் சொன்னோம். வெள்ளை வந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டு, "அம்மாவே சொல்லிட்டா, அப்புறம் இன்னா யோசனை" என்று தங்கையிடம் சொன்னவன் நான்தான். ஆவணி முடிவதற்குள் பத்திரம் பதிவதாகப் பேச்சு.

பதிவுக்கு முந்தின வாரம் மாப்பிள்ளை அந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்தவர், என்னைப் பார்க்க உள்ளே வந்தார். ஏரி கியாஸ்க்கைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"மச்சான், நம்ம மனை இதுல கீதா?"

காட்டினேன். விரலை வைத்தார். நீலம் விரிந்தது.

"இன்னா மச்சான், கடலா வருது?"

"திரை சரியில்ல மாப்ள. நீ ஒரு இடம் தொட்டா அது வேற இடம் எடுத்துக்குது."

பொய் இல்லை. பசங்கள் சாய்ந்து தொங்கியதில் தொடுகையை உணரும் சட்டம் நகர்ந்திருந்தது. எங்கே தொட்டாலும் ஒரு கட்டை விரல் அளவு இடப்பக்கம் தள்ளித்தான் விழுந்தது. மதியம் சரிசெய்யலாம் என்று வைத்திருந்தேன்.

"அப்ப சரி பண்ணிட்டு சொல்லு. இல்லாங்காட்டி சரி பண்ணாமலே வுட்டுடு, நானாவது நிம்மதியா கீறேன்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குத்தான் ஸ்குரூ டிரைவரைக் கையில் பிடித்துக்கொண்டு வேலை ஓடவில்லை. சரிசெய்த பிறகும் நீலமே வந்தால்? அம்மன் வாக்கை என்ன என்று எடுத்துக்கொள்வது? பதிவு முடியும்வரை தொடாமல் விட்டால், மிஷின் கோளாறு என்று எல்லோருக்கும் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் மறுநாள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களுக்குத் தப்பான ஊரைக் காட்டுவதா? முருகா என்று சொல்லிக்கொண்டு கழற்றினேன்.

சட்டத்தை நேராக்கி முடுக்கினேன். தொடுகையைச் சரிபார்க்கத் திரையின் மூலைகளில் வந்த கூட்டல் குறிகளின் நடுவில் ஒவ்வொன்றாக அழுத்தினேன். சோதனைக்குத் தாம்பரம் ஸ்டேஷனைத் தொட்டேன், ஸ்டேஷனே வந்தது. பிறகு மனையைத் தொட்டேன்.

மண் நிறம்.

அங்கேயே நின்று கைகூப்பினேன். கண் கலங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் விரல் தானாக நகர்ந்து சேலையூரில் என் வீட்டைத் தொட்டது. அதற்கும் மண் நிறம்தான்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மழைக்கு மழை என் வீட்டுக்குள் தண்ணீர் வரும். அரிசி டின்னைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டு, சாமி படங்களை என் மனைவி தலையில் வைத்துக்கொண்டு, தங்கை வீட்டுக்குப் போய்த்தான் தங்குவோம். மறுபடி குறிகளை அழுத்திச் சரிபார்த்தேன். ஸ்டேஷன் ஸ்டேஷனாகவே வந்தது. என் வீடு காய்ந்துதான் கிடந்தது.

காட்சிக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் மேடத்திடம் கேட்டேன்.

"அண்ணா, இது அந்தக் கால ஏரியை மட்டும்தான் காட்டும். இப்ப தண்ணி எங்க போகும்னு இதுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

சாயங்காலம் மாப்பிள்ளைக்குப் போன் செய்து, சரிசெய்துவிட்டேன், மண் நிறம் வந்தது என்று மட்டும் சொன்னேன். "அப்ப பதிஞ்சிடலாம்" என்று அவர் ஆரம்பிக்கும்போதே தங்கை போனை வாங்கிக்கொண்டாள்.

"அண்ணா, உன் வூட்டத் தொட்டுப் பாத்தியா?"

"பாத்தேன்."

"இன்னா வந்துச்சு?"

"அதுவும் மண்ணுதான்மா."

"போன மழைக்கு நீயும் அண்ணியும் எங்க படுத்துகினு இருந்தீங்க?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்காமல் அவளே சொன்னாள்: "தை பொறக்கட்டும்ணா. மழையில அந்த மனை எப்படி கீதுன்னு பாத்துட்டு அப்பால பதியலாம்."

"அம்மன் சொல்லிச்சு, மிஷின் சொல்லிச்சு, இவளுக்கு மழை வேற வந்து சொல்லணுமாம்" என்று பின்னால் மாப்பிள்ளை குரல் கேட்டது.

மனைக்காரர் காத்திருக்கிறேன் என்றார். நடுவில் வேறு யாராவது வந்தால் கொடுத்துவிடுவேன் என்றும் சொன்னார். தங்கை என்னவோ கலங்கவில்லை. எனக்குத்தான் நிலைகொள்ளவில்லை.

இப்போது ஐப்பசி பிறந்துவிட்டது. போன வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா, மறுபடி பூப் போடணுமா?" என்று பூசாரி கேட்டார். என்னவென்று கேட்டுப் போடுவது? அன்றைக்கு வாங்கலாமா என்றுதான் கேட்டோம். தண்ணீர் வருமா என்று நாங்கள் கேட்கவே இல்லை. வெள்ளைப் பூ கொடுத்தவளேதான் தங்கை வாயில் வந்து பொறு என்றாளா? அதுவும் தெரியவில்லை.

"தங்கச்சி பேருக்கு ஒரு அர்ச்சனை போதும் பூசாரி" என்றேன்.

தட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தால், கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. நன்றாகப் பெய்தால் தங்கைக்கு விஷயம் தெரிந்துவிடும், என் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிடும். மழை வேண்டும் என்று கும்பிடுவதா, வேண்டாம் என்று கும்பிடுவதா? கோபுரத்தைப் பார்த்து ஒன்றும் கேட்காமல் கையை மட்டும் குவித்துவிட்டு, வீட்டுக்குப் போய் அரிசி டின்னைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்தேன்.