டீயக்கா துடைத்த மேசை

பல நாட்டு எழுத்தாளர்களுக்குப் பெரிய பரிசு கொடுக்கிற அந்த அலுவலகத்தில் அவளுக்கு டீயக்கா என்றுதான் பெயர். நடுவர்கள் கூடும் அறையில் பதினாறு வருஷமாக டீ கொடுப்பதும் மேசை துடைப்பதும் அவள்தான். எதைக் கண்டாலும் பெரிசு கீழே, சிறிசு மேலே என்று அடுக்காவிட்டால் அவளுக்குக் கை பரபரக்கும். ஆண்டவன் அப்படிப் படைத்துவிட்டான்.

அன்று கடைசிக் கூட்டம். மிஞ்சியவை ஐந்து புத்தகங்கள்; ஒவ்வொரு நடுவர் முன்னாலும் ஐந்திலும் ஒவ்வொரு பிரதி. நான்கு நடுவர்களும் காலையிலிருந்து மல்லுக்கட்டி, தொண்டை கட்டிப்போய், சாப்பிடக் கிளம்பினார்கள். புதிதாக வந்த தலைவியம்மா, "சண்டை வேணாம். பிடிச்ச வரிசையில அடுக்கி வச்சுட்டுப் போங்க. மேல இருக்கறது முதலிடம். நான் வந்து பாத்துக்கறேன்" என்றிருந்தார். அந்த நேரம் டீயக்கா கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்தவள் மேசையைத் துடைத்தாள். நான்கு அடுக்கையும் கலைத்து அழகாக அடுக்கினாள்.

சாப்பிட்டு முதலில் வந்த தலைவியம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "டீயக்கா, இங்க பாருங்க. நாலு பேரும் மேலிருந்து கீழ வரைக்கும் ஒரே மாதிரி! இந்தச் சின்னப் புத்தகந்தான்" என்று முடிவைச் சொல்ல ஃபோனை எடுத்தார்.

டீயக்காவுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் ராத்திரி சாமி முன்னால் எந்த முகத்தோடு நிற்பது? நடுவர்களும் உள்ளே வந்துவிட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டாள்: "அம்மா, அது நான் அடுக்கினது. சைஸ் பாத்து."

தலைவியம்மா ஃபோனைக் கீழே வைத்தார்.

"உங்க முதலிடம் எது?" என்றார் தலைவியம்மா. நால்வரும் நான்கு வெவ்வேறு புத்தகத்தைச் சொன்னார்கள். மறுபடியும் சண்டைக்கு மூச்சு இழுத்தார்கள்.

"சின்னதை எங்க வச்சீங்க?" என்று நடுவர்களைக் கேட்டார் தலைவியம்மா.

"ரெண்டாவதா" என்றார் நடுவர்களில் தாடிக்காரர்.

"நானும் ரெண்டாவதாத்தான்" என்றார் பேராசிரியை. மற்ற இருவரும் தலையாட்டினார்கள். ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார். பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. சின்னப் புத்தகமே ஜெயித்தது.

"நான் வீட்டுக்குப் போயிடவா அம்மா?" என்றாள் டீயக்கா, வேலை போனது என்றே நினைத்து.

"எங்க போறீங்க? முடிவு தெரிஞ்சவங்க ஆறு மணிக்கு அறிவிக்கிற வரைக்கும் வெளிய போகக்கூடாது. உட்காருங்க."

பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக அந்த அறை நாற்காலியில் உட்கார்ந்தாள். தாடிக்காரரே டீ போட்டுக் கொண்டுவந்தார். "எப்படி இருக்கு அக்கா?"

ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். "முதலிடம் தர முடியாது சார். வேணா ரெண்டாவது தரலாம்."

"அப்ப ஜெயிச்சாச்சு" என்றார் அவர்.