கொப்பளித்துத் துப்பிய குளிசைகள்

அப்பாவின் மேல்வாய் முன்பற்கள் நான்கும் ஆடத் தொடங்கியபோது அவரே சொன்னார்: "வாற வியாழன் ஊர்காவற்றுறை ஆசுபத்திரிக்குப் போய்ப் பல்லைக் காட்டிக்கொண்டு வருவம் பிள்ளை." போகவிடாமல் தடுத்தது நான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு எழுதலாமென்று விட்டால் எனக்குச் சாதகமாகச் சுற்றி வளைத்துவிடுவேன்.

அப்பா எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயில் ஐயர். சின்னக் கோயில், ஒலிபெருக்கி கிடையாது. வீதியில் நிற்பவருக்கும் ஒவ்வொரு எழுத்தும் துல்லியமாகக் கேட்கும்படி மந்திரம் சொல்வார். முன்பல் போனால் அது வெறும் காற்றாகிவிடும். டொக்டர் பார்த்தவுடன் பிடுங்கிவிடுவார் என்று நான் பயந்தேன்.

உயிரியல் படித்து முடித்து, வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டுப் போனும் கையுமாகத் திரிந்த காலம் அது. பல்லைப் பிடித்திருக்கும் முரசைக் கெடுக்கும் கிருமிகள் இருப்பதுபோல நல்ல கிருமிகளும் உண்டு, அவற்றை வாய்க்குள் குடியேற்றினால் கெட்டவற்றுக்கு இடம் குறையும் என்று வாசித்தேன். இன்னும் உறுதியாகவில்லை, சிகிச்சைக்குத் துணையாகத்தான் என்றும் அதிலேயே இருந்தது. அந்த வரியில் என் கண் நிற்கவில்லை. அன்றைக்கே கனடாவிலுள்ள சித்திக்குச் செய்தி அனுப்பினேன். அந்த நல்ல கிருமிகள் அடங்கிய, வாயில் வைத்துக் கரைக்கும் குளிசைகள் பெட்டியாக வந்து சேர்ந்தன.

"கிருமியை வாங்கி வாய்க்குள்ள விடுறதோ?" என்றார் அப்பா. "அதுக்கு உயிர் இருக்கோ?"

"ஓம் அப்பா. உயிரோட இருந்தால்தான் வேலை செய்யும்."

"அப்ப இது மரக்கறிச் சாப்பாடு இல்லையே!"

குசினிக்குள்ளிருந்து அம்மா சிரித்தா. நானும் விடவில்லை. "தயிருக்குள்ளயும் கிருமிதான். நீங்கள் பிள்ளையாருக்குக் குடம் குடமா ஊத்திறியள். அவர் ஒண்டும் சொல்லேல்லையே?"

"அவருக்கு ஒரு கொம்பு முறிஞ்சபடியே கிடக்கு. உன்ர வைத்தியம் அங்க பலிக்கேல்லைப் போல."

என்றாலும் வாங்கிக்கொண்டார். மாலைப் பூசை முடிந்து, சாப்பிட்டு, பல் தீட்டிய பின் ஒன்று. கதிரையில் சாய்ந்து கண்ணை மூடியபடி பிள்ளைபோல உறிஞ்சுவார். மூன்று மாதம் ஒருநாளும் தவறவில்லை. முரசிலிருந்து இரத்தம் வருவது நிற்கவுமில்லை. "பொறுங்கோ அப்பா, அதுகள் பெருக நாள் எடுக்கும்" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு காலை, இட்டலி கடிக்கும்போது ஒரு பல் பக்கமாகச் சரிந்தது. இட்டலி.

பல் டொக்டர் என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். வாய்க்குள் சின்னக் கண்ணாடியை விட்டு நெடுநேரம் பார்த்தார். நான் குளிசைப் பெட்டியை நீட்டினேன். அவர் சிரிக்காமல் பெட்டியில் இருந்ததை வாசித்தார்.

"ஐயா, இது கரைஞ்ச பிறகு வாய் கொப்பளிக்கிறனீங்களோ?"

"பின்ன? எச்சில் வாயோட திருநீறு பூச ஏலுமே? நல்லாக் கொப்பளிச்சுத் துப்பிப்போட்டுத்தான் பூசிப் படுக்கிறனான்."

கிணற்றடியில் அந்தக் கொப்பளிக்கும் சத்தத்தை நான் பிறந்த நாள் தொட்டுக் கேட்டு வருகிறேன். வாயில் எது பட்டாலும் எங்கள் வீட்டில் அடுத்தது அந்தச் சத்தம்தான். அந்த மூன்று மாதமும் கேட்டிருக்கிறேன். குளிசை கரைந்த கையோடு கொப்பளித்தால் எதுவும் வாயில் தங்காது என்று ஒருநாள்கூட எனக்குத் தோன்றவில்லை.

"அதாலதான் இப்படியானது எண்டில்லை," டொக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார். "கொப்பளிக்காமல் விட்டிருந்தாலும் வேரடியில இறுகின காறையை இது எடுக்காது தங்கச்சி. முதல்ல அதைச் சுரண்டித் துப்புரவாக்க வேணும். பிறகுதான் இதெல்லாம், துணைக்கு." நிறுத்தி, "கொஞ்சம் முந்தி வந்திருந்தால்..." என்றவர் விறைக்கும் ஊசியை எடுத்தார். நான்கும் போயின.

பல்லுக் கட்டலாம் என்றார்கள். புண் ஆறியதும் கட்டினோம். அதைப் போட்டுக்கொண்டு ஒரே ஒரு பூசை செய்தார். சங்கற்பத்தின் நடுவில் பல்லுத் தட்டு நழுவ, கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்திய கையில் எச்சில் பட்டது. அந்தக் கையோடு மூலஸ்தானத்துக்குள் நிற்கமுடியாமல் வெளியே வந்தவர், மறுபடி உள்ளே போகவில்லை. திருவிழாவுக்குப் புதிதாக ஓர் இளைய ஐயரைக் கூட்டிவந்தார்கள். நல்ல குரல். அப்பா வெளியே நின்று பூக்கட்டிக் கொடுக்கிறார்.

சித்தி இன்னொரு பெட்டி அனுப்பியிருந்தா. எறியப் போனேன். அப்பா கையை நீட்டினார்.

"கொண்டா. மிச்சப் பல்லுகள் இருக்குத்தானே."

உறிஞ்சி முடித்ததும் எழுந்து கிணற்றடிக்குப் போவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எழும்பவில்லை.

"கொப்பளிக்கேல்லையோ அப்பா?"

"டொக்டரிட்டப் போட்டு வரேக்க நீதானே வேண்டாமெண்டனீ. இனிப் பூசை மணியைத் தொடுறது நானில்லைத்தானே, பிள்ளை. எச்சில் வாயெண்டால் என்ன?"

அந்தச் சொற்களும் பாதிக் காற்றாகத்தான் வந்தன. அதிலிருந்து ஒவ்வொரு நாளும் அப்படித்தான். வெறும் நெற்றியோடு பாயில் சரிகிறார்.